‘இப்படி’ என்று சொல்லாமல் ஒரு நடன வகுப்பு

கேள்வி: திருச்சி உறையூரில் இருபது ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பரதநாட்டியம் கற்பித்து வருகிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடம் சனிக்கிழமை மாலைகளில் காலியாக இருப்பதால், பெரியவர்களுக்காக, உடல்நிலை எதுவானாலும் யாரும் வரலாம் என்ற முறையில் ஒரு வார வகுப்பைத் தொடங்க நினைக்கிறேன். பதினோரு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கின்சன் நோயுள்ள ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பார்வையற்ற கல்லூரி ஆசிரியர், டவுன் சிண்ட்ரோம் உள்ள 24 வயது இளைஞர், அவருடைய தாய், முழங்கால் வலியுள்ள மூன்று பெண்கள், மாற்றுத்திறன் எதுவும் இல்லாத நான்கு பேர். இவர்கள் அனைவரையும் ஒரே வகுப்பில் வைப்பது சரியா? மருத்துவச் சான்றிதழ் கேட்க வேண்டுமா? முதல் நாள் என்ன செய்வது? மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கேட்கிறது, ஒப்புக்கொள்ளலாமா? யாரை மனத்தில் வைத்து இதைத் தொடங்கினேனோ, அந்த என் தம்பி (வயது 36, மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில் இருக்கிறான்) மட்டும், “நாலு பேர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவதற்கு நான் வர வேண்டுமா அக்கா?” என்று கேட்டுவிட்டு வர மறுக்கிறான்.

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை நான்கு கேள்விகள். ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது, நீங்கள் கேள்வியாக எழுதாத அந்தக் கடைசி வரியைத்தான். தம்பி பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். முப்பத்தாறு வயதுக்குள் எத்தனையோ மேடைகளையும், முகாம்களையும், பொன்னாடைகளையும் அவர் பார்த்திருப்பார். நீங்கள் தொடங்கப் போகும் வகுப்பும் அந்த வரிசையில்தான் சேரும் என்று கணித்திருக்கிறார். அந்தக் கணிப்பு பொய்க்கும்படி வகுப்பை அமைக்க முடியுமா என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் வேலை. மற்ற நான்கு கேள்விகளுக்கும் விடை அதற்குள்ளேயே வந்துவிடும். இயன்முறை மருத்துவராகப் பணிபுரிந்துகொண்டே சென்னையில் இத்தகைய வார வகுப்பு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வரும் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

அனைவரையும் ஒரே வகுப்பில் வைக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அது உங்களுக்குத்தான்: அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு நீங்கள் அடவு சொல்லிக்கொடுக்கக் கூடாது. அடவு என்பது ஏற்கெனவே முடிவு செய்யப்பட்ட சரியான வடிவம். அரைமண்டி (முழங்கால்களை மடக்கிப் பாதி அமர்ந்த நிலை), கைகளின் கோணம், பாதம் தட்டும் இடம் எல்லாம் தீர்மானமானவை. அதனால்தான் அது கலையாக நிற்கிறது. ஆனால் சரியான வடிவம் ஒன்றை அறையின் நடுவில் வைத்த கணமே, அதற்குப் பக்கத்தில் நிற்பவர்கள், தூரத்தில் நிற்பவர்கள் என்று பன்னிரண்டு பேரும் வரிசைப்பட்டு விடுகிறார்கள். பிறகு நல்ல மனம் படைத்த எந்த ஆசிரியையும், “முடியாதவர்கள் கையை மட்டும் செய்யுங்கள், போதும்” என்று சொல்லத்தான் செய்வார். அந்த வாக்கியத்தோடு வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். உங்கள் தம்பி அஞ்சுவது அந்த வாக்கியத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். உச்சுக்கொட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

அடவுக்குப் பதிலாகக் கேள்வி கொடுங்கள். சதுஸ்ர (நான்கெண்ணிக்கை) நடையில் தட்டுமணையில் நான்கு தட்டு தட்டுங்கள், “இந்த நான்கு தட்டுக்குள் உங்கள் உடலில் எந்தப் பகுதி எவ்வளவு உயரம் போகும், எந்த வழியாகக் கீழே வரும்?” என்று கேளுங்கள். ஒருவருக்குக் கை, ஒருவருக்குத் தோள், உங்கள் தம்பிக்கு ஒருவேளை முகவாய், முழங்கால் வலியுள்ள அம்மையாருக்குப் புருவம். இது எளிதாக்கப்பட்ட பயிற்சி அன்று. கால் இருப்பவருக்கும் இதில் சுலபமான விடை கிடையாது. எத்தனையோ ஆண்டுகள் ஆடிப் பழகிய உங்களுக்கே இது சிரமமாக இருக்கும் என்பதை முதல் வாரமே கண்டுகொள்வீர்கள். அந்தச் சிரமம் எல்லோர் கண்ணிலும் படுவது நல்லது.

உட்கார்ந்து ஆடுவதை வகுப்பின் முதல் வடிவமாக வைத்துக்கொள்ளுங்கள். அனைவரும் நாற்காலியில் தொடங்க வேண்டும். எழ விரும்புகிறவர்கள் பின்னர் எழலாம். நிற்பதுதான் இயல்பு, உட்காருவது சலுகை என்ற எண்ணம் நம் மரபுக்கும் பொருந்தாது. மூத்த கலைஞர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பதப் பாடலை முழுவதுமாக அபிநயித்துக் காட்டிய வழக்கம் உங்களுக்குத் தெரியாததன்று. கோலாட்டக் கழிகளை உட்கார்ந்தபடியே பக்கத்து நாற்காலிக்காரரோடு தட்டிக்கொள்ளலாம். கும்மியில் கை தட்டுவது வரை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒயிலாட்டத்தின் கைக்குட்டை, விரல்களைப் பிடித்து விரிக்கச் சிரமப்படும் கைக்குக் கிடைத்த அருமையான கருவி. துணியின் அசைவு கையின் அசைவைப் பெரிதாக்கிக் காட்டும்.

இது ஏதோ புதிதாக முளைத்த யோசனை என்று சங்கத்தில் யாராவது கேட்டால், செலஸ்ட் டாண்டெக்கரைப் பற்றிச் சொல்லுங்கள். லண்டன் கண்டெம்பரரி டான்ஸ் தியேட்டரில் நடனக் கலைஞராக இருந்த அவர், 1973-இல் மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து தண்டுவடத்தில் காயமடைந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. 1991-இல் அவரும் ஆடம் பெஞ்சமினும் சேர்ந்து தொடங்கிய ‘கேண்டோகோ’ குழுவில், மாற்றுத்திறன் உள்ள கலைஞர்களும் இல்லாத கலைஞர்களும் ஒரே மேடையில் ஒரே படைப்பில் ஆடினார்கள். அதற்கும் முன்பே, 1980-இல், வொல்ப்காங் ஸ்டாங்கே லண்டனில் ‘அமிச்சி’ குழுவைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் அவர் இலங்கையிலும் மாற்றுத்திறனாளிகளோடு மேடைப் படைப்புகளை உருவாக்கினார். நியூயார்க்கின் புரூக்ளினில் 2001-இல் மார்க் மாரிஸ் நடனக் குழு பார்க்கின்சன் நோயுள்ளவர்களுக்காகத் தொடங்கிய வகுப்பு பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம் நாட்டில் புனேயில் ரிஷிகேஷ் பவாரும் பார்க்கின்சன் நோயுள்ளவர்களோடு நடன வகுப்பு நடத்தியிருக்கிறார்.

சங்கத்துக்காரர்கள் நடனக் கலைஞர் சுதா சந்திரன் கதையைத்தான் எடுப்பார்கள். திருச்சிக்காரர்களுக்கு அது அண்டை வீட்டுக் கதை: 1981-இல் உங்கள் ஊர்ப் பக்கம் நடந்த பேருந்து விபத்தில் காலை இழந்து, ‘ஜெய்ப்பூர் கால்’ என்ற செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு, 1984-இல் மீண்டும் மேடையேறியவர். அவர் உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் உங்கள் வகுப்புக்கு அது முன்மாதிரி ஆகாது. அவர் தம் உடலை நடனத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். நீங்கள் நடனத்தை வந்திருக்கும் உடல்களுக்கு ஏற்றபடி மாற்றப் போகிறீர்கள். முதல் நாள் வரவேற்புரையில் யாராவது அந்தக் கதையைச் சொன்னால், ‘முயன்றால் நீயும் எழுந்து நிற்கலாம்’ என்பதுதான் உங்கள் தம்பியின் காதில் விழும். வரவேற்புரையே வேண்டாம் என்பது என் கருத்து.

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சாதாரண ஈரிழைத் துண்டு ஒன்றை இருவர் இரு முனையில் பிடித்துக்கொண்டு, துண்டு தொய்யாமலும் இறுகாமலும் அசைய வேண்டும் என்பது அன்றைய கேள்வி. மூளை முடக்குவாதம் உள்ள ஒருவருக்கு இணையாக, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் அமர்ந்தார். துண்டை நீட்டினார். எதிரில் இருந்தவரின் விரல்கள் மூடியே இருந்தன. தசை இறுக்கம் உள்ள கை, திற என்று நினைத்த உடனே திறக்காது, நினைக்க நினைக்கக் கூடுதலாக இறுகும். ஆசிரியை பொறுக்க மாட்டாமல் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துண்டைச் செருகப் போனார். அவர் சற்று நேரம் எடுத்து, சொல் சொல்லாக, “விடுங்க டீச்சர். கை தானா வரும். உங்களுக்கு வேற வேலை இருக்கா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம், டீச்சர் உட்பட. பிறகு காத்திருந்தோம். கட்டை விரல் முதலில் அசைந்தது, பிறகு சுண்டு விரல், மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சுழன்று, உள்ளங்கை மலர்ந்து துண்டின் முனை அதற்குள் விழுந்தபோது, அதுவரை வேகவேகமாகத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்த மற்ற ஐந்து இணைகளும் ஆட்டத்தை நிறுத்திவிட்டிருந்தன. அடுத்த வாரம் நான் எதுவும் சொல்லாமலே எல்லோரும் அந்தக் காலத்துக்கு, விளம்பத்துக்கும் விளம்பமான, மெதுவிலும் மெதுவான அந்த வேகத்துக்கு, கையைத் திறந்தார்கள். அந்தக் கை திறக்கும் முறைதான் அந்த மாதத்தின் நடனமாக ஆயிற்று. அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் தட்டுக்கழியைக் கீழே வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

உங்கள் தம்பிக்காக ஒரு குறிப்பு: மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்குத் திடீர்ச் சத்தம் உடலையே தூக்கிப் போடும். பறையோ, ஒலிபெருக்கியின் கீச்சொலியோ எதிர்பாராமல் வரக் கூடாது. முழங்கப் போவதற்கு முன் சொல்லிவிட்டு முழக்குங்கள். சக்கர நாற்காலி அவர் உடலின் ஒரு பகுதி; கேட்காமல் அதன் கைப்பிடியைத் தொடுவது, கேட்காமல் ஒருவர் தோளைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். இதைப் பிறருக்கு அவர் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. நீங்கள் பொதுவிதியாகவே சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி ஆசிரியரிடம் வருவோம். நடன ஆசிரியர்கள் ஒரு நாளில் அதிகம் பயன்படுத்தும் சொல் எது என்று கவனித்திருக்கிறீர்களா? ‘இப்படி.’ “கையை இப்படி வை, இப்படித் திருப்பு, அப்படி இல்லை, இப்படி.” பார்வையற்ற ஒருவர் அறைக்குள் வந்த உடனே இந்தச் சொல் செல்லாக்காசாகி விடுகிறது. நான் இதை விட்டொழிக்க ஓராண்டு ஆயிற்று. “வலது உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும், முழங்கை விலா எலும்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்” என்று சொல்லப் பழகுங்கள். ஒரு வினோதம் என்னவென்றால், பார்வையுள்ளவர்களும் அப்போதுதான் தங்கள் முழங்கை எங்கே இருக்கிறது என்பதை உணர்கிறார்கள். வாயால் சொல்லித் தீராத அசைவு என்றால், அவர் கையைப் பிடித்து நீங்கள் அசைக்காதீர்கள். உங்கள் கையின் மேல் அவர் கையை வைத்துப் பார்க்க அனுமதி கொடுங்கள். நடத்திச் செல்லும்போதும் அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு வருவார். நீங்கள் அவரைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் கூடத்தைச் சுற்றி நடந்து, தூண் எங்கே, கதவு எங்கே, நாற்காலி வட்டம் எவ்வளவு பெரியது என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். பிறகு நாற்காலிகளை இடம் மாற்றாதீர்கள்.

வங்கி அதிகாரிக்குத் தாளம் உண்மையாகவே மருந்துக்குப் பக்கத்தில் நிற்கும். பார்க்கின்சன் நோயில், நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும் நிலை வரும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் உடல் முன்னே வரும், கால் வராது, ஆள் விழுவார். நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்று சொல்லி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் செய்து, தட்டுமணையில் ஒரே சீராகத் தட்டுங்கள். பலருக்கு அந்த வெளித்தாளமே காலை எடுத்து வைக்க வழிவிடும். தரையில் ஓரடி, ஒன்றரை அடி இடைவெளியில் வண்ண நாடா ஒட்டி வைத்தால், ஒவ்வொரு கோட்டையும் தாண்டுகிறேன் என்ற நினைப்பே காலைக் கிளப்பிவிடும். அவர் உட்கொள்ளும் மாத்திரை எந்த நேரத்தில் நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாலை ஐந்து மணி அவருக்கு மாத்திரையின் வேகம் குறையும் நேரம் என்றால், வகுப்பை நாலரைக்கோ ஆறுக்கோ மாற்றுவதில் மற்றவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நோய் முகத்தின் தசைகளையும் விறைப்பாக்கும். அவர் சிரிக்கவில்லை என்பதால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி மூட்டில் தளர்வு இருக்கும். ஆகவே குட்டிக்கரணம், கழுத்தில் எடை விழும் அசைவுகள், தலையைச் சொடுக்கும் அசைவுகள் ஆகியவற்றை அந்த இளைஞருக்கு மட்டும் விலக்காமல், வகுப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள், யாருக்கும் நட்டமில்லை. கழுத்து வலியோ, நடையில் திடீர் மாற்றமோ இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகு வரட்டும். அவர் விஷயத்தில் என் கவலை கழுத்தைப் பற்றியதன்று, அம்மாவைப் பற்றியது. நீங்கள் அவரிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் தாய்தான் பதில் சொல்வார். இருபத்து நாலு ஆண்டுப் பழக்கம் அது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இது பெரியவர்களின் வகுப்பு. இருவரையும் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார வையுங்கள். அவரை ‘தம்பி’, ‘கண்ணா’ என்று அழைக்காமல், மற்றவர்களை எப்படி அழைக்கிறீர்களோ அப்படிப் பெயர் சொல்லி, ‘நீங்கள்’ போட்டு அழையுங்கள். தாய் தனக்காகவும் ஆட வந்திருக்கிறார் என்பது அவருக்கே இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் உறைக்கும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு அரைமண்டி வேண்டாம், தரையில் சம்மணமும் வேண்டாம். வேறு பெரிய சிக்கல் இல்லை.

மிகக் கடினமானவர்கள், மாற்றுத்திறன் எதுவும் இல்லாத அந்த நால்வர். அவர்கள் நல்லவர்கள், அதுதான் சிக்கல். உதவி செய்ய வந்திருக்கிறோம் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு வருவார்கள். பத்தாவது நிமிடத்தில் ஆளுக்கொருவரைத் தத்தெடுத்திருப்பார்கள். தாங்கள் மட்டும் ஆடியிருக்க மாட்டார்கள். அவர்களிடம் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லுங்கள்: இங்கே யாரும் தொண்டர் இல்லை, கட்டணம் அனைவருக்கும் ஒன்று, உதவி வேண்டியவர் கேட்பார், கேட்டால் செய்யலாம். இலவசம் என்று அறிவிக்காதீர்கள். மாதம் ஒரு சிறு தொகையாவது வாங்குங்கள். காசு கொடுத்து வந்தவர்தான் “இன்றைய பாட்டு நன்றாக இல்லை” என்று குறை சொல்வார். உடன் வரும் துணையாளரிடம் வாங்க வேண்டாம், ஆனால் அவர் சுவரோரம் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கக் கூடாது. ஒன்று வட்டத்துக்குள் வர வேண்டும், இல்லையென்றால் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். சுவரோரத்தில் ஒருவர் உட்கார்ந்தாலே வட்டம் மேடையாகிவிடும்.

சான்றிதழ் கேட்க வேண்டாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கேட்க வேண்டாம். நடனமாட வந்தவர் எத்தனை சதவீதம் என்று உங்களுக்கு எதற்கு? அதற்குப் பதிலாக ஒரு பக்கத் தாளில் ஐந்தாறு கேள்விகளை எழுதி, முழங்கால் வலிக்காரர் முதல் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பவர் வரை அனைவரிடமும் கொடுங்கள். எந்த அசைவு வலிக்கும், வலிப்பு வருமா, வந்தால் என்ன செய்ய வேண்டும், மூச்சோ நெஞ்சோ தொந்தரவு உண்டா, மாத்திரை நேரம் என்ன, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பவை போதும். அண்மையில் மாரடைப்போ அறுவைச் சிகிச்சையோ ஆனவர்கள், கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்கள், எலும்புத் தேய்மானத்தால் அடிக்கடி முறிவு கண்டவர்கள் ஆகியோர் மட்டும் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும். பக்கவாதம் வந்தவர் யாராவது பின்னர் சேர்ந்தால், செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். அந்தத் தோள்மூட்டு எளிதில் நழுவும். கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ தண்டுவடக் காயம் பட்டவர் திடீரென்று கடுமையான தலைவலி, முகத்தில் சிவப்பு, வியர்வை என்றால் அது களைப்பன்று, அவசரநிலை: நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

இனி உங்கள் கூடம். ‘கீழ்த்தளம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாசற்படி இருக்கிறதா என்று எழுதவில்லை. நம் ஊரில் படியில்லாத கீழ்த்தளத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. சாய்தளத்துக்கு விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு: படி அரையடி உயரம் என்றால் சாய்தளம் ஆறடி நீளம் வேண்டும், ஓரடி என்றால் பன்னிரண்டடி. கொத்தனாரிடம் விட்டால் இரண்டடியில் ஒரு சறுக்குமரம் போட்டுத் தருவார். அது ஸ்கூட்டர் ஏற்றத்தான் ஆகும். கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி இருக்க வேண்டும். சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்ப ஒன்றரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். உங்கள் நாற்காலி வட்டத்துக்கு உள்ளே மட்டுமல்ல, வெளியேயும் அது கிடைக்கிறதா என்று அளந்து பாருங்கள். கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி போகுமா என்பதைத் தம்பி வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இடம் இல்லாததால் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் நிகழ்ச்சிக்கு வரும் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை.

நாற்காலி விஷயத்தில் கல்யாண மண்டபத்து வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிருங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் அதன் கால்கள் அகன்று வழுக்கும், பக்கக்கைகள் ஆடுபவரின் கையை மறிக்கும். கைப்பிடி இல்லாத, காலில் ரப்பர் மாட்டிய இரும்பு நாற்காலிகள் நல்லவை. எழுந்திருக்கக் கைப்பிடி தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் உறுதியான மர நாற்காலி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு முன் தரையைத் துடைத்தால் முற்றிலும் காயும் வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். வெறுங்கால்தான் மரபு என்றாலும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் பிடிமானமுள்ள காலணியோடு ஆடட்டும். தெருவில் உருண்டு வந்த சக்கரம் ஆடுகளத்தில் ஏறலாமா என்ற கேள்வி உங்களுக்குள்ளேயே எழக்கூடும். எனக்குத் தெரிந்த ஆசிரியைக்கு எழுந்தது. வாசலில் ஈரத்துணி வைத்துச் சக்கரத்தைத் துடைத்துவிட்டு அவர் அதைத் தீர்த்துக்கொண்டார். எப்படித் தீர்ப்பீர்களோ, தம்பி வாசலில் நிற்கும்போது யோசிக்காமல் முன்பே தீர்த்துவிடுங்கள்.

சாய்தளச் செலவுக்குச் சங்கம் தயங்கினால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவைக் காட்டலாம். பண்பாட்டு வாழ்வும் பொழுதுபோக்கும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க அரசும் உள்ளாட்சியும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அது. கலை சார்ந்த பாடத்திட்டங்களை மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கும்படி மறுவடிவம் செய்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் சங்கத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், கூட்டத்தில் படித்துக் காட்ட உதவும்.

முதல் நாளுக்கு அதிகம் திட்டமிடாதீர்கள். நாற்காலி வட்டம், அவரவர் பெயரும் பெயரோடு ஓர் அசைவும், அந்த அசைவை அனைவரும் தத்தம் உடலில் ஏற்று ஒருமுறை செய்துபார்ப்பது. இதற்கே பன்னிரண்டு பேருக்கு இருபது நிமிடம் ஆகும். ‘தங்களுக்கு என்ன பிரச்சினை’ என்று யாரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டாம். பிறகு நான்கு தட்டுக் கேள்வி. பிறகு துண்டு. இடையில் எவரும் வெளியேறி அமைதியாக உட்கார்ந்துவிட்டு வர வராந்தாவில் இரண்டு நாற்காலி. கடைசியில் டீ, அவசரமில்லாமல். கை நடுங்குபவருக்குப் பிடியுள்ள கோப்பையில் பாதி அளவு, தேவைப்படுகிறவருக்கு உறிஞ்சு குழல். எங்கள் வகுப்பின் நட்புகள் எல்லாம் அந்த டீ நேரத்தில் உண்டானவை.

டிசம்பர் 3-க்கு இந்த ஆண்டு இல்லை என்று சொல்லிவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு எங்கள் குழுவை அத்தகைய நாளில் மேடைக்கு அழைத்தது. ஐந்தடி உயர மேடை, சாய்தளம் இல்லை. “அதனால் என்ன, பையன்கள் தூக்கிவிடுவார்கள்” என்றார்கள். நான்கு பேர் சேர்ந்து எங்கள் உறுப்பினரைச் சக்கர நாற்காலியோடு தூக்கினார்கள். பாதியில் நாற்காலி ஒருபக்கம் சாய, அவர் தம் புடவைக் கரையைப் பிடித்துக்கொள்ளத் தவித்தார். அரங்கம் அதற்குக் கைதட்டியது. ஆறு மாதம் நாங்கள் சேர்ந்து உருவாக்கிய ஏழு நிமிட ஆட்டத்துக்குக் கிடைத்த கைதட்டலைவிட அது பலமாக இருந்தது. ஒப்புக்கொண்டது என் பிழை. மேடையை முதல் நாளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மையார் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. ஓராண்டு கழித்து, குழுவே விரும்பினால், பார்வையாளர்களையும் வட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர்களும் ஆடும்படியான ஒரு திறந்த வகுப்பை நடத்துங்கள். விரும்புகிறார்களா என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும், சங்கமோ நீங்களோ அன்று.

தம்பியை இனி அழைக்காதீர்கள். ஒருமுறை அழைத்தாயிற்று, பதிலும் வந்தாயிற்று. அக்கா மீண்டும் கேட்டால் அது வற்புறுத்தலாகும், அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னால் அதைவிடக் கேடு. அவருக்குச் சிறு வேலை ஏதாவது கொடுத்து நைசாக இழுத்துவரலாம் என்ற யோசனையும் வேண்டாம். அது தந்திரம் என்று அவர் அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கூடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாதவை அவருக்குத் தெரியும். வாசல், கதவு, கழிப்பறை மூன்றைப் பற்றியும் உண்மையாகவே உங்களுக்கு விவரம் தேவைப்படுகிறது. அதைக் கேளுங்கள், கேட்டதைச் செய்யுங்கள், வகுப்பைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் பதினோரு பேரோடு சனிக்கிழமை தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் அவருக்காகவே தொடங்கிய வகுப்பு என்ற பாரம் அவர் மேல் இருக்கும் வரை அவரால் வர முடியாது.

சாய்தளம் போட்டு முடித்ததும் அதன் நீளத்தையும் படியின் உயரத்தையும் எனக்கு எழுதுங்கள். கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தால் அவரை ஏற்றிவிடப் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கும். கொத்தனாரை மறுபடி வரச் சொல்லுங்கள்.